கழுத்து மசாஜர் என்று எழுதிய பெட்டிகள்

அக்காவுக்கு அரைப் பதில் சொல்லத் தெரியாது. "இதச் சுடுதண்ணில போட்டுக் கழுவலாமா?" என்று போனில் யாராவது கேட்டால், கழுவலாம் என்றோ கூடாது என்றோ சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுக்க வேண்டியதுதானே? மாட்டார். "எதுல செஞ்சது அது?" என்று கேட்பார். எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? பெட்டியில் போட்டிருந்தால்தானே. உடனே அக்கா ஆரம்பித்துவிடுவார். "அமுக்கிப் பாருங்க. மெத்துனு இருக்கா, கெட்டியா இருக்கா? கையில ஒட்டுதா? புது மழைக்கோட்டு வாசம் அடிக்குதா? உள்ள மோட்டார் ஓடுதா? சார்ஜ் போடுற ஓட்டை எங்கன இருக்கு?" நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, காத்திருக்கும் அழைப்புகளின் விளக்கு மினுக்குவதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு மேசை, இரண்டு போன், சுவர் முழுக்க அட்டைப்பெட்டி அடுக்கிய இரும்பு ரேக். ஆண்களும் பெண்களும் தங்கள் அந்தரங்க சுகத்துக்காகப் பயன்படுத்துகிற பொருட்களை எங்கள் கம்பெனி ஆன்லைனில் விற்றது. ஆனால் ஒரு பெட்டியிலும் அப்படி எழுதியிருக்காது. எல்லாவற்றிலும் 'கழுத்து மசாஜர்' என்று அச்சடித்திருக்கும், ஒரு பெண் கழுத்தைச் சாய்த்துச் சிரிக்கும் படத்தோடு. தமிழ்நாட்டு ஆர்டர்களைப் பெட்டியில் போட்டு ஒட்டி கூரியருக்குக் கொடுப்பதும், தமிழில் சந்தேகம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதும் எங்கள் வேலை. எங்கள் என்றால் அக்காவும் நானும். வேறு ஆளில்லை.

எனக்கு ஊர் ஆத்தூர் பக்கம். திண்டுக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வேலைக்குச் சேர்ந்தபோது நாற்பது வயது. வீட்டில் மசாஜர் கம்பெனி என்று சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை, பெட்டியில் அப்படித்தானே போட்டிருக்கிறது. முதல் நாள் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, அதை மூடக்கூடக் கை வராமல் நின்றேன். அக்கா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"பாம்பா இருக்கு? ரப்பர்தான. எடுத்துப் பாரு."

"வீட்டுக்குத் தெரிஞ்சாக் கொன்னுபோட்டுருவாகக்கா."

"வெக்கமா இருந்தா வெக்கப்படு. நான் வேணாங்கல. ஆனா போன்ல கேக்குறவகளுக்குச் சரியாச் சொல்லு. அவகளும் வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் கேக்குறாக."

அக்காவுக்கு என்னைவிட ஆறேழு வயது கூடுதல். பேகம்பூரில் வீடு. வேதியியல் படித்துவிட்டு, தோல் பதனிடுகிற தொழிற்சாலை ஒன்றின் ஆய்வகத்தில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர். அந்தத் தொழிற்சாலையை மூடியதும் இங்கே வந்தார். "ஆட்டுத்தோலுக்குப் போடுற மருந்த மாட்டுத்தோலுக்குப் போட்டா ரெண்டும் போச்சு, தோலும் போச்சு மருந்தும் போச்சு. பொருள் என்னன்னு தெரியாமத் தண்ணியக்கூடத் தொடக் கூடாது" என்பார். அவர் வீட்டுக்காரர் தோல் வியாபாரி. இந்த வேலையைப் பற்றி அவருக்குத் தெரியுமா என்று ஒருமுறை கேட்டேன். "தெரியும். ஜனங்களுக்குப் புண்ணு வராமச் சொல்லிக் குடுக்குற வேலைன்னு சொன்னேன். அதுக்கு எதுக்கு இம்புட்டுக் கம்மிச் சம்பளம்னு கேட்டாரு" என்றார்.

அழைப்புகள் வந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். மோட்டார் உள்ள பொருளைப் பால் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்துவிட்டு, "இப்ப ஓட மாட்டேங்குது, மாத்திக் குடுங்க" என்று சண்டைக்கு வந்தார் ஒருவர். மெத்தென்ற ஒன்றை இட்லிப் பானையில் அவித்து, அது குழிக்குத் தக்கபடி இளகிப்போனதைப் படமெடுத்து அனுப்பினார் இன்னொருவர். கண்ணாடியில் செய்ததைக் கொதிநீரிலிருந்து எடுத்து நேராகப் பச்சைத் தண்ணீரில் போட்டு விரிசல் விட்டுவிட்டது, இருந்தாலும் பயன்படுத்தலாமா என்று ஒரு பெண் கேட்டபோது அக்கா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "தாயி, அதக் கையில எடுக்காத. பழைய துணியில சுத்திக் குப்பைல போடு. உள்ள கிழிச்சா யாரும்மா தைக்கிறது?"

அழைத்தவர்கள் மேல் அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. போனை வைத்த பிறகு ரேக்கில் இருக்கும் பெட்டிகளைப் பார்த்துத்தான் திட்டுவார். "கழுத்து மசாஜராம் கழுத்து மசாஜர். கழுத்துல தேய்க்கிறதுக்கு ஈரத்துணியில துடைன்னு போட்டா சரி. போற எடம் வேறல்ல? அதுக்குத் தக்கன எழுத வேணாமா?" பெட்டிக்குள் கம்பெனி வைத்திருந்த குறிப்பில் ஒரே ஒரு வரிதான் இருந்தது, ஈரத்துணியால் துடைக்கவும் என்று.

ஒருநாள் மின்சார அடுப்பும் ஒரு சில்வர் பாத்திரமும் வீட்டிலிருந்து கொண்டுவந்தார். திரும்பி வந்த பழுதுப் பொருட்களில் வகைக்கு ஒன்றாக எடுத்து, ஐந்தைந்து நிமிடம் கொதிக்கவைத்தார். மோட்டார் இல்லாத சிலிக்கான் போட்டபடியே வெளியே வந்தது. எவர்சில்வரும் அப்படியே. மெத்தென்று ஒட்டுகிற ஜெல்லி ரப்பர் மூன்றாவது நிமிடத்திலேயே பாத்திரத்தின் அடியில் ஒட்டி, வாசம் எழுந்து படியிறங்கிப் போய்விட்டது. கீழே இருந்து ஜெராக்ஸ் கடைக்காரர் சத்தம் கொடுத்தார்.

"என்னக்கா, மேல என்னமோ தீயுது?"

"ரப்பர அவிச்சுப் பாத்தேம்ப்பா. வேகாதுன்னு தெரிஞ்சு போச்சு" என்றார் அக்கா. கடைக்காரர் கேலி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். நான் சன்னலைத் திறந்துவிட்டு, முந்தானையால் மூக்கை மூடியபடி, யாராவது வந்துவிடுவார்களோ என்று படியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண் ஒருவர் அழைத்தார். மூன்று தடவை அழைத்து மூன்று தடவையும் பேசாமல் வைத்துவிட்டார். நான்காவது தடவை, "ஏனுங்க, கழுத்து மசாஜர் கம்பெனிங்களா?" என்று மூச்சுச் சத்தத்தில் கேட்டார். நான் போனை அக்காவிடம் கொடுத்தேன். மெத்தென்று இருக்கிறது, ஒட்டுகிறது, மழைக்கோட்டு வாசம் என்று எல்லாவற்றுக்கும் ஆமாம் வந்தது. சுத்தமாக இருக்கட்டும் என்று, தரை துடைக்கிற கிருமிநாசினியில் தண்ணீர் கலக்காமல் விடிய விடிய ஊறப்போட்டிருக்கிறார். பிறகு நன்றாகக் கழுவித்தான் பயன்படுத்தியிருக்கிறார். அன்றிலிருந்து பத்து நாளாக எரிச்சல். உட்கார முடியவில்லை. தேங்காயெண்ணெய், மஞ்சள் என்று என்னென்னவோ தடவிப் பார்த்துவிட்டார்.

"தாயி, அது பன்னு மாதிரி. டீயில முக்குனா உள்ள இழுத்துக்கிருதுல்ல? மேல கழுவுனாலும் உள்ள இழுத்த மருந்து உள்ளதான் இருக்கும். அதத் தூக்கிப் போட்ருங்க. இன்னைக்கே டாக்டரப் பாருங்க."

"டாக்டர்கிட்ட என்னன்னு சொல்லுவேனுங்க? கூட மாமியார் வருவாங்க."

"திண்டுக்கல்லுக்கு வாங்க. கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வாங்க. நான் கூட வாரேன்."

"நீங்க டாக்டர்கிட்ட ஒண்ணும் பேசக் கூடாதுங்க. சோப்பு ஒத்துக்கலைன்னு நானே சொல்லிக்கறேன். சரிங்களா?"

"சரி" என்றார் அக்கா. நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் சரி என்றுதான் சொன்னார்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தோம். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு வெறும் கட்டைப்பை. எங்களைப் பார்த்ததும் முகம் சிவந்து, அப்புறம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டவர் விடவே இல்லை. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண், கூட்டத்துக்கு நடுவில், "என்ன பிரச்சினை?" என்று உரக்கக் கேட்டாள். "அத டாக்டர்கிட்டச் சொல்லிக்கிறோம். நீங்க பேரு, வயசு மட்டும் எழுதுங்க" என்றார் அக்கா. ஒட்டன்சத்திரத்துப் பெண் நன்றியோடு அக்காவைப் பார்த்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

உள்ளே பெண் டாக்டர். நாங்கள் இருவரும் சொந்தக்காரர்கள் என்று சொல்லிப் பின்னால் நின்றோம். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "புது சோப்பு போட்டேனுங்க, ஒத்துக்கல" என்றார். டாக்டர் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, பூஞ்சைத் தொற்று மாதிரி இருக்கிறது என்று எழுத ஆரம்பித்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று அவர் முழங்கையைத் தொட்டேன்.

"டாக்டர், சோப்பு இல்ல. தரை துடைக்கிற மருந்து. ஒரு ரப்பர் பொருள்ல ஊறி அது உள்ள போயிருக்கு. வெந்த புண்ணு அது."

டாக்டரின் பேனா நின்றது. அந்தப் பெண் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. எழுதிய சீட்டைக் கிழித்துவிட்டு வேறு சீட்டு எடுத்தார். "இத முதல்லயே சொல்லணும்மா. நான் எழுதுன களிம்பைப் போட்டிருந்தீங்கன்னா இன்னும் எரிஞ்சிருக்கும்" என்றார்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் கையை உதறினார். "பேச மாட்டேன்னீங்களே. உங்கள நம்பித்தானுங்க வந்தேன். ஊருக்குத் தெரிஞ்ச டாக்டரு அது. எம் மானத்த வாங்கிப்போட்டீங்களே." அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. மருந்துக் கடையில் அவரே தனியாக நின்று வாங்கினார். பழனி பஸ்ஸில் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து, பஸ் கிளம்பும்வரை எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லாம இருந்திருக்கலாமேக்கா" என்றேன்.

"தப்பான மருந்த வாங்கிட்டுப் போகச் சொல்றியா?"

"வாக்குக் குடுத்தீங்கள்ல?"

அக்கா ஆபீசைப் பார்த்து வேகமாக நடந்தார். அந்தப் பெண் அதன்பிறகு அழைக்கவில்லை. இரண்டு மூன்று முறை அக்கா அழைத்தபோதும் எடுக்கவில்லை. புண் ஆறியதா என்று எங்களுக்குத் தெரியாமலே போயிற்று. அக்கா சரியாகத்தான் செய்தார் என்று சில நாள் தோன்றும். சில நாள் அந்தச் சன்னலோர முகம் வந்து நிற்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்று சாயங்காலமே, பெட்டிக்குள் வைக்க ஒரு குறிப்புச் சீட்டு எழுத அக்கா உட்கார்ந்தார். எழுதி எழுதிக் கிழித்தார். ஒவ்வொரு வரியையும் எனக்குப் படித்துக் காட்டுவார். நான் எதையாவது இரண்டாவது தடவை கேட்டால் அந்த வரியை அடித்துவிடுவார். மூன்று வாரம் என் உயிரை வாங்கிவிட்டார். கடைசியில் ஒரு பக்கத்தில் அடங்கிய அந்தச் சீட்டு எனக்கு மனப்பாடமாகவே இருக்கிறது.

"பயன்படுத்துவதற்கு முன்னும் பின்னும் கழுவுங்கள். கையையும் கழுவுங்கள். வாசனையில்லாத மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். தரை மருந்து, பிளீச்சிங் பவுடர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். மோட்டார் இல்லாத சிலிக்கான், எவர்சில்வர் ஆகியவற்றை மட்டும் ஐந்து நிமிடம் கொதிக்கவைக்கலாம். மோட்டார் உள்ளதை, தண்ணீர் புகாது என்று எழுதியிருந்தாலொழிய, தண்ணீரில் முக்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு நல்ல தண்ணீர்த் துணியால் சோப்புப் போகத் துடையுங்கள். கெட்டிப் பிளாஸ்டிக்கைக் கொதிக்கவைக்காதீர்கள். கண்ணாடியைச் சூட்டிலிருந்து குளிருக்கு மாற்றாதீர்கள். விரிசல் விட்டால் எறிந்துவிடுங்கள். ஒட்டுகிற, ரப்பர் வாசம் வருகிற மெத்தென்ற பொருளை எப்படிக் கழுவினாலும் முழுச் சுத்தம் ஆகாது. காண்டம் போட்டே பயன்படுத்துங்கள், வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள், நிறமோ வாசமோ மாறினால் எறிந்துவிடுங்கள். சிலிக்கானுக்குத் தண்ணீர் வகை வழுவழுப்பு ஜெல்லே நல்லது, சிலிக்கான் ஜெல் அதை அரித்துவிடும். ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு, தனித்தனியாகப் பருத்தித் துணிப் பையில் வையுங்கள். எரிச்சல் வந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்."

கடைசி வரியை எழுதும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

முதலாளி கோயம்புத்தூர்க்காரர். வியாழக்கிழமை தோறும் வருவார். தன்மையான மனிதர், எங்களிடம் குரலை உயர்த்தியதே இல்லை. சீட்டை முழுக்கப் படித்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்கக்கா. ஆனா பெட்டில என்னன்னு போட்டிருக்கோம்?"

"கழுத்து மசாஜர்."

"கழுத்து மசாஜருக்கு எதுக்குங்க காண்டம்?"

"அதத்தான் தம்பி நானும் கேக்குறேன். பெட்டிய மாத்துங்க."

"மாத்துனா யாராச்சும் கேஸ் போடுவாங்கக்கா. கடைய மூடோணும். உங்க ரெண்டு பேருக்கும் வேலை இருக்காது. போன்ல கேட்டாச் சொல்லுங்க, போதும்."

"போன் பண்ணாதவகளுக்கு?"

அவர் சிரித்துக்கொண்டே சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வியாழன் மறுபடி கேட்டார் அக்கா. அதற்கடுத்த வியாழனும். மடித்துக் கொடுத்த அந்தச் சீட்டு மடிப்பிலேயே கிழிந்துபோனது.

பிறகு ஒரு சனிக்கிழமை கீழே போய் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார். ரேக்கில் அடுக்கியிருந்த ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து, உள்ளே ஒரு சீட்டை வைத்து மறுபடி ஒட்டினார். "மடிச்சுக் குடு" என்று மட்டும் சொன்னார். மடித்துக் கொடுத்தேன். மடிக்க மடிக்க பயம் குறைந்து ஒரு சந்தோஷம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முழுதாக ஒரு மாதம் ஓடியது. பிறகு யாரோ ஒரு பெண், பெயர் போடாமல், அந்தச் சீட்டைப் படமெடுத்து இணையத்தில் போட்டு, "கடைசியில் ஒருவராவது மனுசியாக மதித்துச் சொல்லியிருக்கிறார்" என்று எழுதிவிட்டார். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். அந்தப் பாராட்டுதான் வினையாயிற்று. வியாழக்கிழமை இல்லாத ஒரு நாளில் முதலாளியின் கார் வந்து நின்றது. மேலே ஏறி வந்து, தன் போனில் அந்தப் படத்தைக் காட்டினார்.

"இது உங்க எழுத்துதானுங்களாக்கா?"

"ஆமா."

"நாளைலருந்து வர வேண்டாங்க" என்றார் அவர், அதே தன்மையான குரலில். அக்கா தன் சில்வர் பாத்திரத்தையும் அடுப்பையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்து, "வாரேன்" என்றார். நான் தலையை ஆட்டினேன். நானும் மடித்துக் கொடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. என் மூத்த மகளுக்குக் கல்லூரியில் சேர்க்கை நடந்துகொண்டிருந்த நேரம்.

ரேக்கில் மீதமிருந்த பெட்டிகளைப் பிரித்துச் சீட்டை எடுத்துவிடச் சொன்னார் முதலாளி. மூன்று நாள் அந்த வேலைதான் பார்த்தேன். பிரிப்பது, எடுப்பது, மறுபடி ஒட்டுவது. எடுத்த சீட்டுகளை முதலாளி தன் காரிலேயே கொண்டுபோனார். அதற்குப் பிறகும் போன் வந்துகொண்டே இருந்தது. நான் எடுத்துச் சொன்னேன். ஆனால் அக்கா மாதிரி ஏழு கேள்வி கேட்க எனக்கு நேரமில்லை, அடுத்த விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. "சோப்புத் தண்ணில கழுவுங்க, கொதிக்க வைக்காதீங்க" என்று எல்லோருக்கும் ஒரே பதில். ஏழெட்டு மாதத்தில் நானும் அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தேன்.

போன ரம்ஜானுக்குப் பிறகு, மனசு கேட்காமல், பேகம்பூருக்குப் போனேன். அக்கா பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறார். டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகளைப் பற்றியெல்லாம் விசாரித்தார். பேச்சு ஓய்ந்ததும் நானாகச் சொன்னேன், சீட்டை எடுத்தது நான்தான் என்று.

"தெரியும்" என்றார். "வேலைய விட்டு வந்த மறு மாசம் ஒரு பெட்டி ஆர்டர் போட்டேன். சீட்டு இருக்கான்னு பாக்கணும்ல?"

"இந்த வீட்டுக்கா? உங்க பேர்லயா? ஒட்டுன அவசரத்துல நான் கவனிக்கலையேக்கா."

"பின்ன யார் பேர்ல? பிரிச்சுப் பாத்தேன். சீட்டு இல்ல. ஓரத்துல டேப்பு மடிஞ்சு நேரா ஒட்டியிருந்துச்சு. அம்புட்டு நேரா ஒட்டுறது நீதான்."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். கோபமில்லை. போனில் பதில் தெரியாதவர்களிடம் பேசுவாரே, அந்தப் பொறுமைதான் முகத்தில் இருந்தது.

"என்கிட்ட எதுக்குக் கேக்குற? எனக்கென்ன ஆச்சு? அந்தப் பெட்டிய வாங்குனவககிட்டல்ல கேக்கணும். அவக யாருன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும். சீட்டை எடுத்துவிட்டு மூடிய ஒவ்வொரு பெட்டியின் மேலும் பெயரும் முகவரியும் ஒட்டியவளும் நான்தான்.